சாம்பல் அணியும் சிவப்பு அணியும்

11 பிப்ரவரி, செவ்வாய்

மரவள்ளியின் அடி இலைகளில் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. நடுவில் பச்சை, ஓரத்தில் மஞ்சள், விளிம்பில் யாரோ தீக்குச்சியைக் காட்டியது மாதிரி பழுப்பு. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. போன வருஷம் என்ன நடந்தது என்பதை இந்த டைரியில் எழுத மாட்டேன்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதிவிட்டு, ரிட்டயர் ஆன கையோடு செம்பட்டிப் பக்கம் இருக்கிற ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டேன். யூரியாவை வாரி வாரி இறைத்தேன். செடி என்னைப் போல ரெண்டு மடங்கு உயரம். ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. தோண்டினால் கிழங்கு விரல் தடிமன்தான். அதிலும் தேறினதைப் பொறுக்கி மூட்டை கட்டி, மகள் லிடியாவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பெருமையாக அனுப்பினேன். சம்பந்தி ஞானதாசுக்குத் திண்டுக்கல்லில் கிழங்கு சிப்ஸ் கடை. கிழங்கைத் தட்டிப் பார்த்தே குணம் சொல்கிறவர். வீட்டோடு உட்கார்ந்து அவித்துத் தின்றிருக்கிறார்கள். ஒரே கசப்பு.

உடனே போன் வந்தது. "சம்பந்தி, கெழங்கை வேப்பமரத்துல ஒட்டுக் கட்டி வளத்தீங்களா?"

அன்றைக்குப் பிடித்தது சனி. கல்யாண வீடு, கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு, எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. துக்க வீட்டில்கூடக் கேட்டார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் கேட்டார்!

14 பிப்ரவரி, வெள்ளி

வேளாண் ஆபீசிலிருந்து மணிமேகலை மேடம் வந்து இலையைப் பார்த்தார். சின்ன வயசு, ஆனால் பேச்சில் பிசிறு இல்லை.

"சாம்பல் சத்து இல்ல சார். இலை சமைக்குது. சமைச்சதைக் கிழங்குக்குக் கொண்டுபோக ஆள் இல்ல. ஓட்டல்ல மாஸ்டர் இருக்காரு, சப்ளையர் லீவு. அதான் செடி மட்டும் கொழுக்குது, கிழங்கு தேற மாட்டேங்குது. கசப்பு ஏறுறதும் அதனாலதான். பொட்டாஷ் உரம் போடுங்க. மூணாம் மாசம் மண் அணைக்கிறப்பவே போட்டுருங்க."

சாம்பல் சத்து என்றால் எதற்குக் கடை உரம்? சாம்பலையே போட்டுவிட்டால் போகிறது. இதைச் சொன்னேன். "சாம்பலும் நல்லதுதான் சார், ஆனா மூட்டை மூட்டையா வேணும். அம்புட்டுக்கு எங்க போவீங்க?" என்றார்.

எங்கே போவேனா? நான் யார் என்று மேடத்துக்குத் தெரியவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

லிடியா முழுகாமல் இருக்கிறாள்! பூசை முடிந்ததும் மாப்பிள்ளை ஜெரினும் அவளும் வந்து சொன்னார்கள். பின்னாலேயே சம்பந்தியும் அல்வாவோடு வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோசு (என் மனைவி ரோஸ்மேரி, கோபம் இல்லாத நாளில் ரோசு) அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அழுது முடிக்கவில்லை, சம்பந்தி ஆரம்பித்தார். "பையன்னா ஞானராஜ். பொண்ணுன்னா ஞானசெல்வி. எங்க வீட்டு வழக்கம்."

"எங்க வீட்டுல அப்படி வழக்கம் இல்ல. பையன்னா விக்டர், பொண்ணுன்னா விக்டோரியா. ஜெயிக்கிற பேரு," என்றேன்.

வார்த்தை தடித்தது. கடைசியில் அவரே ஒரு போட்டி வைத்தார். வளைகாப்பு எங்கள் வீட்டில்தான் நடக்கும். அன்றைக்கு என் வயல் கிழங்கை அவித்து வைக்க வேண்டும். கசக்காமல் மாவாக இருந்தால் பேர் வைக்கிற உரிமை எனக்கு. கசந்தால் அவருக்கு. கை கொடுத்துக்கொண்டோம்.

லிடியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே என்றேன். "பேரு வைக்கப்போறது கெழங்கா?" என்று ரோசு கேட்டாள்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாமியார் சாம்பலால் சிலுவை போடும்போது கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மிச்சம். பூசை முடிந்து, சாமியார் உடை மாற்றுகிற சக்ரீஸ்து அறைக்குள் போய், மிச்சத்தை என்ன செய்வீர்கள் சாமி என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"அது மனந்திரும்புறதுக்கு மிக்கேல்ராஜ். மரவள்ளிக்கு இல்ல."

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

9 மார்ச், ஞாயிறு

ரோஸ்மேரிக்கும் (இன்றைக்கு முழுப் பேர்தான்) எனக்கும் சண்டை. "மேடம் சொன்ன பொட்டாஷைப் போடுங்க, பேரன் பேத்தி பேரை அடுப்புச் சாம்பலை நம்பி விடாதீங்க" என்கிறாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. ஸ்கூலில் இப்படி வந்தால் நான் என்ன செய்வேன்? இரண்டு அணியாகப் பிரித்து மோதவிடுவேன். பிரித்துவிட்டேன்.

கிணற்றுக்கு மேற்கே சாம்பல் அணி. கேப்டன் நான். கிழக்கே சிவப்பு அணி, பொட்டாஷ் சிவப்பாக இருப்பதால். கேப்டன் ரோஸ்மேரி. இரண்டு பக்கமும் கொடி நட்டாகிவிட்டது. மோட்டார் ரூம் சுவரில் ஸ்கோர் போர்டும் எழுதிவிட்டேன். விதி ஒன்றே ஒன்று: ஆட்டம் தொடங்கிய பிறகு வெளி ஆளை உள்ளே இறக்கக் கூடாது. வளைகாப்புக்கு இரண்டு அணியும் ஆளுக்கொரு அண்டா அவிக்கும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் விதியைப் போட்டேன். சம்பந்தி சிரிக்கிற பொம்மை அனுப்பினார். ஒன்பது பொம்மை.

15 மார்ச், சனி

சாம்பல் கிடைத்துவிட்டது! பேகம்பூரில் ருக்சானாம்மா பிரியாணிக் கடை. எல்லாமே விறகடுப்பு. கடைக்குப் பின்னால் சாம்பல் குன்று மாதிரி கிடக்கிறது.

"அள்ளிக்கிட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். குப்பை வண்டிக்காரன் தொட மாட்டேங்குறான்," என்றார்.

காத்தமுத்துவின் லோடு ஆட்டோவில் முதல் லோடு இன்று வந்தது. வரப்பு குறுகல் என்பதால் ரிவர்சில்தான் வர வேண்டும். நான் பின்னால் நின்று விசில் ஊதி வழிகாட்டினேன். எத்தனை நாள் ஆயிற்று இப்படி ஊதி! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரோஸ்மேரி அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் பொட்டாஷைத் தூவிவிட்டு, மண்ணை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள். சோம்பேறி அணி.

16 மார்ச், ஞாயிறு

ஒரு நாய்.

18 மார்ச், செவ்வாய்

ஆறு நாய்.

22 மார்ச், சனி

கணக்கெடுப்பதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம், செம்பட்டி முக்கிலிருந்து ஒரு கூட்டம், தாண்டி எந்தெந்த ஊரிலிருந்தோ ஒரு கூட்டம். எல்லாம் சாம்பல் அணிக்குள். செடி நிற்கிற பார் மேட்டை நோண்டுகிறது, செடியைச் சாய்க்கிறது. ஏன் என் பக்கம் மட்டும்?

காத்தமுத்துதான் குனிந்து ஒரு கைப்பிடிச் சாம்பலை எடுத்துக் காட்டினான். அதில் எலும்பு. ருக்சானாம்மா கடையில் எச்சில் இலையைக் கொட்டுவதும் அந்தக் குன்றிலேயேதான். "வாத்தியாரே, நீங்க ஒரம் போடல. விருந்து போட்டுருக்கீங்க," என்றான்.

விரட்டலாம் என்று விசில் ஊதினேன். ஓடும் என்று பார்த்தால் வந்தது! இருந்ததும் வந்தது, இல்லாததும் வந்தது. நான் விசில் ஊதினால் லோடு வருகிறது என்று பழகிவிட்டிருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் எந்தப் பையனும் இம்புட்டு வேகமாக அசெம்ப்ளிக்கு வந்ததில்லை.

ரோஸ்மேரி அவள் பக்கத்து வரப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

3 ஏப்ரல், வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். கிணற்று மேட்டில் இருக்கிற தொட்டியில் சாம்பலைக் கொட்டித் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குவது. எலும்பு அடியில் நிற்கும், அரித்து எடுத்துவிடலாம். எண்ணெய், மசாலா வாடை எல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஒருமுறைக்கு மூன்றுமுறை கழுவி, பிழிந்து, காயவைத்து, சுத்தமான சாம்பலைச் செடிக்கு வைக்கிறேன். முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. நாய் வரத்தும் குறைந்துவிட்டது. கழுவின தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கிழக்கே ஓடிவிடுகிறது.

மூளை வேண்டும். அவ்வளவுதான்.

27 ஏப்ரல், ஞாயிறு

கழுவினேன். முதுகு போய்விட்டது. ரோசு தைலம் தேய்த்துவிட்டாள். எதிரணி என்றாலும் கை இதம்.

18 மே, ஞாயிறு

பேர்களை வயலில் வைத்துச் சோதித்தேன். வரப்பின் இந்த முனையில் நின்று முழுத் தொண்டையில் கூப்பிட்டால் அந்த முனையில் நிற்கும் காத்தமுத்துவுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். விக்டர் கேட்டது. விக்டோரியா அதைவிட நன்றாகக் கேட்டது. நியாயமாக இருக்க வேண்டும் என்று ஞானசெல்வியையும் கூப்பிட்டேன். அதுவும் நன்றாகத்தான் கேட்டது என்றான். காற்று அந்தப் பக்கமாக அடித்திருக்கும்.

12 ஜூலை, சனி

மணிமேகலை மேடம் வந்தார். சிவப்பு அணிக்குள் போனவர் வெளியே வர அரை மணி நேரம். இலையெல்லாம் ஓரம் வரை பச்சை. ஒரு செடியின் அடியில் கையால் மண்ணை விலக்கினார். கிழங்கு என் முன்னங்கை தடிமன். அதிலும் வாய்க்காலை ஒட்டின இரண்டு பார்தான் வயலிலேயே முதல் தரம்.

பிறகு என் பக்கம். அடி இலை ஓரம் பழையபடி கருகல். "சாம்பல் போட்டீங்கல்ல சார்? அப்புறமும் ஏன் இப்படி?" என்று அவருக்கே குழப்பம். நான் பெருமையாகக் கழுவுகிற முறையைச் சொன்னேன். மேடம் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார்.

"சார்... சாம்பல்ல இருக்கிற சத்து தண்ணில கரையும் சார்."

"அப்படின்னா?"

"சத்தைக் கழுவி விட்டுட்டு, சக்கையைச் செடிக்கு வச்சிருக்கீங்க."

வாய்க்கால் எங்கே போகிறது? கிழக்கே. கிழக்கே யார்? சிவப்பு அணி. மூன்று மாசமாக முதுகொடிய நான் கழுவிக் கழுவி ஊற்றினது பூராவும் அவ கணக்குல ஏறியிருக்கு! என் சொந்தக் கையால! யார்கிட்ட போய்ச் சொல்றது இதை?

13 ஜூலை, ஞாயிறு

மனசே சரியில்லை. விளையாட்டு இல்லை இது. விக்டோரியா என்ற பேரை நான் சும்மா சொல்லவில்லை. நான் ஓடின எந்தப் பந்தயத்திலும் முதலில் வந்ததில்லை. மூன்றாவது, நாலாவது, ஒருமுறை இரண்டாவது. எனக்கு அடுத்து என் வீட்டில் ஒரு ஆளாவது ஜெயிக்கிற பேரோடு நடமாடட்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் கசந்துவிடும் போலிருக்கிறது.

மிச்சம் பொட்டாஷ் ஏதாவது இருக்கிறதா என்று ரோசிடம் கேட்டேன். சும்மா, நிறம் பார்ப்பதற்கு.

"ஆட்டம் தொடங்குன பொறவு வெளி ஆளை உள்ள எறக்கக் கூடாது. சொவத்துல எழுதிருக்கு பாருங்க," என்றாள்.

அந்தச் சுவரில் எழுதினவனைச் சொல்ல வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் இரண்டு அண்டாவும் அவிந்து இறங்கியது. கொடியையும் அதன் மேலேயே சொருகிவிட்டேன், சாம்பல் நிறம் ஒன்றில், சிவப்பு ஒன்றில். யாரும் பார்க்காதபோது என் அண்டாவில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். துப்பினேன். வேப்பமரமேதான். சம்பந்தி போன வருஷம் மிகைப்படுத்தவில்லை.

லிடியா கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பொலிவு. வந்தவர்கள் வரிசையாகச் சந்தனம் பூசினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காத்தமுத்துவின் லோடு ஆட்டோ வந்தது. ருக்சானாம்மா கடையிலிருந்து விருந்துக்குப் பெரிய அண்டா பிரியாணி. வாசல் குறுகல். ரிவர்சில் வந்தான்.

நான் என்ன செய்தேன் என்று எழுதவும் வேண்டுமா? அதே ஆட்டோ, அதே ரிவர்ஸ். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஊதினேன்.

முதலில் வந்தது வயலுக்கு வருகிற செவலை நாய். பிறகு ஒரு கருப்பு. பிறகு தெருவே நாயாகிவிட்டது. காத்தமுத்து பயத்தில் பிரேக்கை மிதிக்க, பின் கதவு திறந்து, அண்டா மெதுவாகச் சரிந்து, சாமியானாவுக்குக் கீழே பிரியாணி ஒரு வாய்க்காலாக ஓடியது. விருந்தாளிகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். சம்பந்தி ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு லிடியாவுக்கு முன்னால் காவல் நின்றார். லிடியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பிரசவம் இங்கேயே ஆகிவிடுமோ என்று எனக்கு வேறு பயம்.

பிரியாணி தீர்ந்ததும் செவலை என் அண்டா பக்கம் போனது. ஒருமுறை முகர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. போய்விட்டது. நாய் கூட!

பசியோடு நூறு பேர். சாப்பிட இருந்தது கிழங்கு மட்டும். ரோசு என் அண்டாவை ஓரமாக நகர்த்தி மூடினாள். அவள் அண்டாவைத் திறந்து, தேங்காய்ப்பூ தூவி, மிளகாய்ச் சட்னியோடு முதல் தட்டைச் சம்பந்தி கையில் கொடுத்தாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாவு," என்றார்.

இன்னொரு துண்டு. "பூவா மலந்திருக்குய்யா." மூன்று தட்டு ஆனது. கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். "சம்பந்தி, தோத்துட்டேன். பேரு நீங்கதான்—"

அந்த இடத்தில் பேச்சு நின்றது. பார்வை அண்டாவுக்குப் போனது. கொடிக்குப் போனது. "செவப்புக் கொடி யாரு?"

நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், "ரோஸ்மேரியம்மா!" என் வாட்ஸப்பை அத்தனை பேரும் படித்திருக்கிறார்கள்.

"அப்ப பேரு வைக்கிற உரிமை அவுகளுக்கு. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

விடுவேனா? அந்தக் கிழங்கில் பாதிச் சத்து என் சாம்பல் தண்ணீர்தான், மணிமேகலை மேடமே சாட்சி என்று கத்தினேன்.

"ஆமாங்க," என்றாள் ரோசு. "கழுவி ஊத்துனதும் நீங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

11 அக்டோபர், சனி

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. காது சம்பந்தி காதாம், அவர் சொல்கிறார். போகட்டும்.

ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் ரோசைப் பார்த்தோம். நான் "விக்டோரியா" என்று மெதுவாக இருமினேன். சம்பந்தி "ஞானசெல்வி" என்று தொண்டையைச் செருமினார். ரோசு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பெத்தவ அவ. இத்தன மாசத்துல ஒருத்தராவது அவகிட்ட கேட்டீங்களா? என் உரிமையை அவளுக்குக் குடுத்துட்டேன். நீ சொல்லு பாப்பா."

லிடியா குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ரோஸ்லின். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க குறுக்க வராதன்னுட்டீங்க."

அம்மா பேரில் பாதி. ரோசு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இந்த முறை அழுவதற்கு அடுப்படி இல்லை.

நானும் சம்பந்தியும் சத்தமில்லாமல் கீழே இறங்கி டீக்கடைக்குப் போனோம். பிறகு அவர் சொன்னார், "சம்பந்தி, நல்ல பேருல்ல?" ஆமாம் என்றேன். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் பேரையே கூப்பிட்டுக்கொண்டு.

"நம்ம ரெண்டு பேருமே வேப்பமரந்தான்," என்றார். டீக்கு அவரே கொடுத்தார்.

15 டிசம்பர், திங்கள்

மரவள்ளிக் குச்சியைத் துண்டு போட்டுக் கரணை நட்டோம். அடியுரமாகப் பொட்டாஷ் பாதி, மீதி மூன்றாம் மாசம் மண் அணைக்கும்போது. வயல் முழுக்க ஒரே கொடி, சிவப்பு. சம்பந்தி அடுத்த வருஷம் கடைக்கு நம் கிழங்குதான் என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு பார் நட்டார். கோணல்.

ரோஸ்லின் வரப்பில் தொட்டிலில் தூங்கினாள். விசில் இப்போது ரோசு கழுத்தில். நான் வரிசையாக உரம் வைத்துக்கொண்டே போனேன். ஒரு கரணையை விட்டுவிட்டேன் போல, ஊதினாள். திரும்பிப் போய் வைத்தேன். செவலையும் வந்து என் பக்கத்தில் நின்றது.